சங்குக்குச் சொந்தக்காரன் யார்?

கோட்டைப்பட்டினம் கரைக்குப் போயிருக்கிறீர்களா, நேயர்களே? புதுக்கோட்டை மாவட்டத்துக் கடல் ஆழமில்லாத பாக் விரிகுடா. வலையை உதறினால் சில சமயம் மீனோடு சங்கும் விழும். "வலம்புரி கிடைத்தால் லட்சாதிபதிதான்!" என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். அந்த ஆசையில்தான் ஆபத்து இருக்கிறது.

மெக்ஸிகோ வளைகுடாவில் ஒரு நத்தை உண்டு. அந்த இனமே பிறவியில் வலம்புரி. (இதை விஞ்ஞானிகள் இடம்புரி என்பார்கள். சண்டை வேண்டாம், நாம் வால் நுனி மேலே இருக்கப் பிடிக்கிறோம், அவர்கள் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்!) அந்த நத்தையின் ஓட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, நம் வலம்புரி என்று விற்றுவிடுகிறார்கள். வாங்குமுன் வாய்க்குள் பாருங்கள். நடுத் தூணில் மூன்று நான்கு தடித்த மடிப்புகள் வரிசையாகத் தெரிந்தால் நம் சங்கு. இல்லாவிட்டால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்!

இந்த மடிப்புகளை நம்பித்தான் லின்னேயஸ் 1767-ல் சங்கை வேறு பல நத்தைகளோடு 'வொலூட்டா' என்ற ஒரே கூட்டத்தில் அடைத்தார். பின்னால் வந்தவர்கள் பிரித்தெடுத்தார்கள். 1798-ல் ரோடிங் என்ற ஜெர்மானியர் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? 'ஸாங்கஸ்'! சாட்சாத் நம் சங்கேதான். ஆனால் நிலைத்தது லமார்க் 1799-ல் வைத்த 'டர்பினெல்லா'.

சரி, மடிப்பு இருந்தால்தான் சங்குக்கு உறவா? அங்கேதான் வேடிக்கை. ஜப்பான், ஆஸ்திரேலியா, தென் ஆப்பிரிக்கா பக்கங்களில், நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில், கோபுரச் சங்கு என்று சொல்லத்தக்க சின்ன நத்தைகள் இருக்கின்றன. அடுக்கடுக்கான கோபுரம், தோளில் முட்கள், குச்சி போல் நீண்ட வால். தூணிலோ மடிப்பே கிடையாது! முட்களைப் பார்த்து முள்ளிச் சங்குகளோடு சேர்த்திருந்தார்கள்.

ஹாராசெவிச் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஓட்டோடு நிற்காமல் உடலையும் அறுத்துப் பார்த்தார். நத்தையின் நாக்கு ஒரு நாடா. அதில் அரம் போல் வரிசை வரிசையாகப் பற்கள், இந்த வகைகளில் வரிசைக்கு மூன்று. அந்தப் பற்களும் உள்ளுறுப்புகளும் முள்ளியோடு ஒத்துவரவில்லை. மிக நீண்ட துதிக்கை வேறு! குழாய்க்குள் ஒளியும் புழுக்களைப் பிடிக்கத்தான் போலும். புழு என்றால் நம் சங்குக்கும் பிரியம். 1983-ல் அவற்றைச் சங்குக் குடும்பத்திலேயே சேர்த்து எழுதினார்.

இப்போது கோபுரச் சங்குகளுக்குத் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் தூரப் போகவில்லை. சங்குக் குடும்பத்துக்கு அடுத்த வீடுதான், பெரியப்பா பிள்ளை மாதிரி.