முயலின் வயிற்றுக்குள் ஒரு போட்டி

“சார், எங்கள் முயலுக்கு வயிற்றுப்போக்கு. வீட்டில் மிச்சமிருக்கும் ஆண்டிபயாடிக் மாத்திரையைக் கொடுக்கலாமா?” வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். கொடுக்கவே கூடாது! அந்த மாத்திரையே முயலைக் கொன்றுவிடலாம். ஏன் தெரியுமா?

முயலின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ‘சீக்கம்’ என்ற பெரிய பை உள்ளது. செரிமானப் பாதையில் உள்ள உணவில் ஏறக்குறைய 40 விழுக்காடு இங்கேதான் தங்குகிறது. கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்கள் இங்கு நார்ச்சத்தை நொதிக்கச் செய்து, முயலுக்குச் சக்தி தருகின்றன. இடத்தையும் உணவையும் அவையே பிடித்துக்கொள்வதால், தீய பாக்டீரியாக்களால் பெருக முடிவதில்லை.

இந்தச் சமநிலை குலைந்தால் ஆபத்துதான். சுருள் வடிவம் கொண்ட ‘கிளாஸ்ட்ரிடியம் ஸ்பைரோஃபார்மே’ வேகமாகப் பெருகி நச்சுப்பொருளைச் சுரக்கும். அந்த நச்சு குடல் உயிரணுக்களின் உட்சட்டத்தையே சிதைக்கிறது. நீர் போன்ற வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, ஓரிரு நாளில் முயல் இறக்கலாம். ‘ஈ.கோலை’ பாக்டீரியாவின் சில வகைகளோ குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு நோய் உண்டாக்குகின்றன.

சமநிலையைக் குலைப்பவை எவை? முதலாவது, மருந்து. ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் நல்ல பாக்டீரியாக்கள் அழிகின்றன. காலியான இடத்தை நச்சுக்கிருமி பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது, உணவு. நார்ச்சத்து குறைந்து மாவுச்சத்து கூடினால், செரிக்காத மாவுச்சத்து சீக்கத்தைச் சேர்ந்து நச்சுக்கிருமிக்குத் தீனியாகிறது. மூன்றாவது, வயது. வளர்ந்த முயலின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். பால்குடிக் குட்டிகளுக்கு அந்த அமிலம் இன்னும் வலுப்பெறவில்லை. பண்ணைகளில் பிறந்து நான்கைந்து வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்கப்படும் குட்டிகளுக்குத் தாய்ப்பாலின் பாதுகாப்பும் போய்விடுகிறது. அதனால்தான் பால் மறந்த குட்டிகளே அதிகம் இறக்கின்றன.

தடுக்கும் வழி எளிது. உலர்ந்த புல்லை எப்போதும் தாராளமாகக் கொடுங்கள். தீவனத்தைத் திடீரென மாற்றாமல், பல நாள்களில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். கூண்டில் சாணம் தேங்க விடாதீர்கள். முயல் சாப்பிட மறுத்தாலோ வயிற்றுப்போக்கு கண்டாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கிருமி உள்ளே இருப்பதால் மட்டும் நோய் வந்துவிடாது. அதற்கு இடம் கிடைக்க வேண்டும்.

சிந்தியுங்கள்: ஆண்டிபயாடிக் சாப்பிடும்போது நம்மில் சிலருக்கும் வயிற்றுப்போக்கு வருகிறதே, அது ஏன்?