டிரான்ஸ்மிட்டருக்குள் 50 ஓம் இருக்கிறதா?

ஹாம் ரேடியோவின் ஆன்டெனா சாக்கெட் பக்கத்தில் "50 ஓம்" என்று போட்டிருக்கும். உள்ளே 50 ஓம் மின்தடை உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தமா? இல்லீங்க. 50 ஓம் சுமையை மாட்டினால் சொன்ன பவர் வரும், அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ட்டில் 5 வாட் தரும் கிளாஸ்-சி ஆம்ப்ளிஃபயர். வோல்டேஜின் வர்க்கத்தை பவரின் இருமடங்கால் வகுங்கள்: 144 / 10 = 14.4 ஓம். டிரான்சிஸ்டருக்குத் தேவையான சுமை இது. காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஆன்டெனாவின் 50 ஓமை 14.4 ஆக மாற்றிக் காட்டுகின்றன.

ஆக, 14.4 என்பது நாம் தேர்ந்தெடுத்த சுமை. டிரான்சிஸ்டரின் உள் மின்தடை அல்ல. உள்ளேயும் நிஜமாகவே 14.4 ஓம் இருந்தால், வெளியே 5 வாட் போகும்போது உள்ளே 5 வாட் சூடாகும். எஃபிஷியன்சி 50 சதவீதத்தைத் தாண்டாது. கிளாஸ்-சி 70 சதவீதம் சாதாரணமாகத் தரும்: 7.1 வாட் வாங்கி 2.1 வாட்தான் வீணாக்கும்.

அப்போ அவுட்புட் இம்பீடன்ஸே கிடையாதா? உண்டு. சுமையைக் கொஞ்சம் மாற்றி, வோல்டேஜும் கரண்டும் எவ்வளவு மாறுகின்றன என்று அளந்தால் ஓர் எண் கிடைக்கும். டிரைவ் மாறினால் அதுவும் மாறும். அது 50தானா என்று வால்டர் மேக்ஸ்வெல்லும் வாரன் புரூனும் அமெரிக்க ஹாம் பத்திரிகைகளில் மோதிக்கொண்டார்கள்.

அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும், கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு என்பதை ஆன்டெனாவும் கேபிளும்தான் தீர்மானிக்கின்றன. அது எகிறினால் டிரான்சிஸ்டர் 14.4-க்குப் பதில் வேறெதையோ பார்க்கும், புகையும் வரலாம். ரேடியோவைக் கழற்றாதீங்க, ஆன்டெனாவைப் பாருங்க.