வாட்பொறி வாங்குவார்க்குச் சில குறிப்புகள்

ஓய்வுப் பொழுதைப் பயனுறக் கழித்தற்குரிய கைப்பணிகளுள் மரத்திற் சித்திர வேலை செய்தலும் ஒன்றாகும். ஒட்டுப்பலகையிற் கொடியும் எழுத்தும் உருவமும் அறுத்தெடுக்கும் இவ்வேலைக்குப் பெரிதும் உதவுவது ‘ஸ்குரோல் சோ’ எனப்படும் மின்விசை வாட்பொறி. இதனை விலை ஒன்றையே நோக்கி வாங்கும் இளைஞர் சிலர், பின்னர் மனஞ்சலித்துப் பொறியோடு கலையையும் கைவிடுகின்றனர். பொருளிழப்பினும் பெரியது இவ்வார்வ இழப்பு. ஆகலின், குறைந்த செலவில் தக்க பொறியைத் தேருமாறு யாதென ஈண்டு நோக்குவாம்.

இப்பொறியின் தொழிற்பாடு எளியது. மெல்லிய அலகொன்று இரு முனைகளிலும் பிணிக்கப்பட்டு விறைப்பாக நிற்கும். மோட்டர் இயங்குங்கால் அது மேலுங் கீழும் அசையும். நாம் பலகையை மேசைமீது திருப்பித் திருப்பி நகர்த்துவோம். பலகையில் துளையிட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றி அத்துளைவழிச் செலுத்தி மீண்டும் பூட்டின், விளிம்பைச் சிதையாது உள்ளிடத்தையும் அறுக்கலாம். மின்சாரம் பரவுமுன் இத்தகைய பொறிகள் காலால் மிதித்து இயக்கப்பட்டன. இங்கிலாந்தில் 1895 இல் தோன்றிய ‘ஹொபீஸ் வீக்லி’ என்னும் வார இதழ் இவ்வேலைக்குரிய வரைபடங்களை வெளியிட்டு வந்தது.

முதற்கண் நோக்கவேண்டியது அலகைப் பிணிக்கும் முறை. முனைகளிற் குறுக்கே சிறு ஊசி உடைய அலகு ஒருவகை. ஊசியற்ற 5 அங்குல அலகு மற்றொருவகை. ஊசி நுழைதற்குப் பெருந்துளை வேண்டுமாகலின், முன்னையது நுண்ணிய உள்வேலைக்கு ஏலாது. இருவகையையும் ஏற்கும் பொறியே வாங்கத்தக்கது. கருவியின்றிக் கையாலேயே அலகை மாற்றக் கூடுமாயின் மிக நன்று.

இரண்டாவது அதிர்வு. பாரமான வார்ப்பிரும்பு அடித்தளம் அதிர்வைத் தணிக்கும். கடையிற் பொறியை எல்லா வேகங்களிலும் இயக்குவித்து, மேசைமீது கைவைத்து உணர்ந்து பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது வேகம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 முதல் 1600 அசைவுகள் வரை மாற்றத்தக்கதாயின், மென்மரத்தை விரைவாகவும் வன்மரத்தை மெதுவாகவும் அறுக்கலாம். பிளாத்திக்குப் போன்றவை மிகு வேகத்தில் உருகி ஒட்டுமாகலின் அவற்றிற்குங் குறைவேகமே உரியது.

நான்காவது, அலகுக்கும் பின்புறச் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி. விலை குறைந்த பொறிகளில் இது பெரும்பாலும் 16 அங்குலமாகும். பொழுதுபோக்கு வேலைக்கு அது போதும். இதனினும் மிகுந்த இடைவெளிக்கோ, விளக்கு முதலிய அணிகளுக்கோ பணத்தை மிகையாகச் செலவிடவேண்டியதில்லை.

கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வாழும் உறவினர் வாயிலாகப் பொறி பெறுவோர் ஒன்றை மறத்தலாகாது. அந்நாடுகளின் மின்சாரம் 120 வோல்ற்று, 60 ஹேட்சு. இலங்கையில் 230 வோல்ற்று, 50 ஹேட்சு. மின்மாற்றி வோல்ற்றளவைக் குறைக்குமேயன்றி ஹேட்சளவை மாற்றாது. ஆகவே, பொறியின் தகட்டிற் பொறித்துள்ள அளவுகளைப் பாராது வாங்கின், அன்புக் கொடை வீண்சுமையாகிவிடும்.

இவையனைத்தினும் முந்தியது ஒன்றுண்டு. வில்போன்ற சட்டமுடைய கைவாளின் விலை சிறிது. அறுக்கும் முறையோ ஒன்றே. முதலில் அதனைக் கொண்டு சில மாதம் பயின்று, ஆர்வம் நிலைத்தபின் பொறியை நாடுவதே சிக்கனம். பழகிய கை, பழைய பொறியொன்றைச் சோதித்து வாங்கவும் வல்லதாகும். எஞ்சிய பணத்தை நல்ல அலகுகளுக்கும், கண்ணாடிக்கும், நுண்தூள் நுரையீரலை அடையாது காக்கும் முகக்கவசத்துக்கும் செலவிடலாம். மலிவான பொறியிலும் கூரிய நல்லலகு சிறந்த வேலை தரும். மழுங்கிய அலகோ விலையுயர்ந்த பொறியிலும் பலகையைக் கெடுக்கும். இவ்வுண்மையை உணர்ந்து தேர்வோர் குறைந்த பொருளில் நிறைந்த பயன் எய்துவர் என்பது திண்ணம்.