பாய்மரப் படகில் ஃப்ரிட்ஜ், ஸ்டார்லிங்க் எல்லாம் தேவையா? ஜிபிஎஸ்ஸைத் தடை செய்த ஒரு போட்டி தரும் பதில்

யூடியூபில் 'செய்லிங்' என்று தேடிப் பாருங்கள். வேலையை விட்டுவிட்டு, 40 அடிப் படகு ஒன்றை வாங்கி, கடலிலேயே குடித்தனம் நடத்தும் ஜோடிகளின் வீடியோக்கள் வரிசைகட்டி வரும். படகுக்குள் ஃப்ரிட்ஜ், கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின். மேலே சோலார் பேனல், அதன் பக்கத்தில் ஸ்டார்லிங்க் ஆன்டெனா. சில படகுகளில் வாஷிங் மெஷின்கூட உண்டு.

பழைய கடலோடிகள் பலருக்கு இது பிடிப்பதில்லை. இது படகா, மிதக்கிற ஃபிளாட்டா என்று கேட்கிறார்கள். இவ்வளவு மின்சாதனங்களை ஏற்றிக்கொண்டு போனால் அது கடல் பயணமே இல்லை என்பது அவர்கள் வாதம். இளையவர்களோ, இருக்கிற வசதியை ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்கிறார்கள்.

யார் சொல்வது சரி? இரண்டு தரப்பும் கொஞ்சம் தப்பான இடத்தில் கோடு போடுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

முதலில் ஒரு விளக்கம். 'க்ரூஸ்' என்றதும் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டீலியா மாதிரியான சுற்றுலாக் கப்பலை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே பேசுவது 30 முதல் 50 அடி நீளமுள்ள பாய்மரப் படகைப் பற்றி. இரண்டு பேர், அதிகம் போனால் நான்கு பேர். காற்றுதான் முக்கிய எரிபொருள், டீசல் இன்ஜின் ஒரு துணைக்கு. ஒரு கடலைக் கடக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். நடுவில் மெக்கானிக் கடை கிடையாது.

உங்கள் வீட்டு இன்வெர்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள்

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் 150 ஏஹெச் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரண்ட் போனால் ஃபேன், லைட், வைஃபை ஓடும். ஏசியைப் போட்டால் அம்மா கத்துவார். படகில் நிலைமை அதேதான். ஒரே வித்தியாசம், கரண்ட் திரும்ப வரவே வராது. நீங்களேதான் தயாரிக்க வேண்டும்.

பெரும்பாலான படகுகள் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. எனவே எல்லாவற்றையும் ஆம்பியர்-அவர் கணக்கில் பார்ப்பார்கள். தோராயமாக ஒரு நாள் கணக்கு போடுவோம். 12 வோல்ட் ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடும்போது 4 முதல் 5 ஆம்பியர் இழுக்கும். நம் ஊர் வெயிலில் பாதி நேரமாவது ஓடும் என்பதால் நாளுக்கு 50 முதல் 60. சுக்கானைத் தானாகத் திருப்பும் ஆட்டோபைலட் சராசரியாக 3 ஆம்பியர் என்று வைத்தாலும், 24 மணி நேரத்துக்கு 72. ஸ்டார்லிங்க் மினியை நாள் முழுக்க அணைக்காமல் வைத்தால் இன்னொரு 50, 60. திரையில் கடல் வரைபடம் காட்டும் சார்ட்பிளாட்டர், பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ், எல்இடி விளக்குகள், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து 30, 40. கூட்டினால் 220 பக்கம் வருகிறது.

வரவு? வெப்பமண்டலத்தில் 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு 25 முதல் 30 ஆம்பியர்-அவர் தரும். 400 வாட் வைத்திருந்தாலும் 120-ஐத் தாண்டாது. பாயின் நிழல் பேனல்மேல் விழுந்தால் அதுவும் குறையும். மீதிக்கு இன்ஜினை ஓட்ட வேண்டும், அதாவது டீசல். லெட்-ஆசிட் பேட்டரியில் எழுதியிருக்கும் அளவில் பாதியைத்தான் தாராளமாக எடுக்கலாம், மீறினால் ஆயுள் குறையும். லித்தியத்தில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம். கடந்த பத்து ஆண்டுகளில் படகு வாழ்க்கையை மாற்றியதில் லித்தியத்துக்கும் விலை குறைந்த சோலாருக்கும்தான் பெரிய பங்கு. பழையவர்கள் 'ஃப்ரிட்ஜ் வேண்டாம்' என்று சொன்ன காலத்தில் இந்தக் கணக்கு உண்மையிலேயே உதைத்தது. இப்போது கொஞ்சம் நேராகிவிட்டது.

ஏசி மட்டும் இன்னமும் வேறு கதை. சின்ன 600 வாட் ஏசி என்றாலும் 12 வோல்ட்டில் மணிக்கு 50 ஆம்பியர்-அவர். உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கும். துறைமுகத்தில் கரையிலிருந்து வயர் இழுத்தால் போடலாம், நடுக்கடலில் மறந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் தடை செய்த போட்டி

எது வேண்டும், எது வேண்டாம் என்பதை உண்மையாகவே சோதித்துப் பார்த்த ஒரு இடம் இருக்கிறது: கோல்டன் குளோப் ரேஸ். 1968-69-ல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 'சுஹைலி' என்ற 32 அடிப் படகில், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஆனார். அந்தப் படகு கட்டப்பட்டது மும்பையில். பாதி வழியில் அவருடைய ரேடியோ செத்துப்போனது, தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவியும் உடைந்தது. அவர் ஊர் திரும்ப 312 நாட்கள் ஆயின.

அதன் 50-வது ஆண்டில், 2018-ல், அதே போட்டியை அதே காலத்துக் கருவிகளோடு திரும்ப நடத்தினார்கள். ஜிபிஎஸ் கிடையாது. சூரியனையும் நட்சத்திரத்தையும் செக்ஸ்டன்ட்டில் அளந்து, காகித வரைபடத்தில் இடம் குறிக்க வேண்டும். எலக்ட்ரிக் ஆட்டோபைலட் கிடையாது. பாட்டு கேட்க வேண்டுமா, கேசட்.

அதில் நம் கடற்படையின் அபிலாஷ் டோமி கலந்துகொண்டார். 2013-லேயே தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் இந்தியர் அவர். சுஹைலியைப் போலவே கட்டப்பட்ட 'துரியா' அவருடைய படகு. 2018 செப்டம்பரில் இந்தியப் பெருங்கடலின் தெற்கே, ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து ஏறத்தாழ 1,900 கடல் மைல் தொலைவில், புயலில் படகு புரண்டது. பாய்மரம் முறிந்தது. அவருக்கு முதுகெலும்பில் பலத்த அடி, எழுந்திருக்கவே முடியவில்லை.

அந்த நிலையில் அவரைக் காப்பாற்றியது எது? அவசர பீக்கனும், சாட்டிலைட் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு சின்னக் கருவியும்தான். மொரீஷியஸிலிருந்து கிளம்பிய நம் கடற்படையின் பி-8ஐ விமானம் படகைக் கண்டுபிடித்தது. செப்டம்பர் 24-ம் தேதி பிரான்ஸின் 'ஒசிரிஸ்' கப்பல் அவரை மீட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு, முதுகில் டைட்டானியத்தோடு அவர் 2022-ல் அதே போட்டிக்குத் திரும்பினார். 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து முடித்தார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இங்கே கவனிக்க வேண்டியது போட்டியின் விதிகளைத்தான். பழமையை இவ்வளவு பிடிவாதமாகக் காப்பாற்றியவர்களே அவசர பீக்கனைத் தடை செய்யவில்லை. ஜிபிஎஸ்கூட சீல் வைத்த பெட்டிக்குள் படகிலேயே இருந்தது. ஆபத்து வந்தால் பிரிக்கலாம். உயிர் காக்கும் எலக்ட்ரானிக்ஸ் பற்றி அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

நமக்கும் இருக்கக் கூடாது. 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலுக்குப் போயிருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்குத் தகவல் சொல்ல வழியில்லாமல் போனது. படகுகளில் இருந்த விஎச்எஃப் ரேடியோ அவ்வளவு தூரம் எட்டாது. கடலில் ஒரு தகவல் கருவியை 'சொகுசு' என்று சொல்கிறவர்கள் அந்த ஊர்களில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

அப்போ ஆபத்து எங்கே இருக்கிறது?

இதுவரை ஃப்ரிட்ஜ் யாரையும் பாறையில் கொண்டுபோய் மோதவில்லை. ஆனால் சார்ட்பிளாட்டர் மோதியிருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், அதை நம்பிய விதம் மோதியிருக்கிறது.

2014 நவம்பர் 29. வோல்வோ ஓஷன் ரேஸில் கேப் டவுனிலிருந்து அபுதாபிக்குப் போய்க்கொண்டிருந்தது 'டீம் வெஸ்டாஸ் விண்ட்' என்ற 65 அடிப் படகு. படகில் ஒன்பது பேர், எல்லோரும் தொழில்முறைக் கடலோடிகள். இருக்கிறதிலேயே நல்ல கருவிகள். இரவில், மொரீஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கராஹோஸ் என்ற பவளத்திட்டில் நேராகப் போய் ஏறியது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை.

அவ்வளவு பெரிய திட்டு வரைபடத்தில் இல்லையா? இருந்தது. போதுமான அளவு ஜூம் செய்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். கூகுள் மேப்ஸில் தமிழ்நாடு முழுசும் தெரிகிற மாதிரி வைத்தால் உங்கள் தெரு மறைந்துவிடுகிறது இல்லையா, அதே கதை. பெரிய காகித வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருந்தால் அந்தத் திட்டு கண்ணில் பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஜிபிஎஸ் சிக்னலே பொய் சொல்லும் காலம் இது. செங்கடல், ஹோர்முஸ் பக்கம் சிக்னல் குறுக்கீடு சகஜமாகிவிட்டது. 2025 மே மாதம் ஜெட்டா அருகே 'எம்எஸ்சி அன்டோனியா' என்ற கன்டெய்னர் கப்பல் தரைதட்டியதற்கும் இந்தக் குறுக்கீடே காரணம் என்ற சந்தேகம் எழுந்தது. இந்தியாவிலிருந்து மத்தியதரைக் கடலுக்குச் சுருக்கு வழியில் போகும் படகுகள் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

அதனால் ஒரு சாதனம் புதுசா பழசா, சொகுசா அவசியமா என்று கேட்பதைவிட, இது நின்றுபோனால் என்ன ஆகும் என்று கேட்பது உபயோகமானது. ஃப்ரிட்ஜ் நின்றால் மோர் புளிக்கும், மீனை அன்றைக்கே சாப்பிட வேண்டும். ஸ்டார்லிங்க் நின்றால் ஆபீஸ் மீட்டிங் போச்சு. பரவாயில்லை, சமாளிக்கலாம். ஆனால் பாயைச் சுருக்கும் வேலையை எலக்ட்ரிக் விஞ்ச் மட்டும்தான் செய்யும், கையால் முடியாது என்ற நிலையில் ஒரு பெரிய படகை இரண்டு பேர் ஓட்டினால், புயல் வரும் இரவில் அந்த மோட்டார் நிற்பதன் அர்த்தமே வேறு. இப்படிப் பார்த்தால் ஃப்ரிட்ஜைவிட, 50 அடிப் படகை இரண்டு பேரே ஓட்ட முடியும் என்று நம்பவைக்கும் மோட்டார்கள்தான் எனக்குப் பயமாகத் தெரிகின்றன.

ஆட்டோபைலட் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இரண்டே பேர் இருக்கும் படகில் தூக்கம்தான் பெரிய பிரச்னை. ஒருவர் விழித்திருக்க, மற்றவர் மூன்று நான்கு மணி நேரம் தூங்குவார்; இப்படியே வாரக்கணக்கில். விழித்திருப்பவர் முழு நேரமும் சுக்கானையும் பிடித்தால் இரண்டே நாளில் தப்பு செய்ய ஆரம்பித்துவிடுவார். அதனால் தானாகச் சுக்கான் பிடிக்கும் ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். ஆனால் அது எலக்ட்ரிக்காக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. படகின் பின்பக்கம் பொருத்தும் 'விண்ட் வேன்' காற்றின் விசையிலும் தண்ணீரின் விசையிலுமே வேலை செய்கிறது. ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். காற்று கூடினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். காற்றே இல்லாமல் இன்ஜினில் போகும்போதுதான் உதவாது. இரண்டையும் வைத்திருப்பவர்கள் புத்திசாலிகள்.

குடிநீர் மெஷினிலும் இதே யோசனை. மணிக்கு ஐந்தாறு லிட்டர் தரும் சின்ன மாடல்கள் 4 ஆம்பியரில் ஓடிவிடும். சிலவற்றில் மின்சாரம் போனால் கைப்பிடியை மாட்டி அடித்தே தண்ணீர் எடுக்கலாம். நம் ஊர் அடிபம்பு மாதிரிதான். ஆனால் மெஷின் இருக்கிறதே என்று தொட்டியைப் பாதி நிரப்பிக்கொண்டு கிளம்பக் கூடாது.

ஒன்றுமே இல்லாமல் போனவர்களும் உண்டே?

உண்டு. லின், லாரி பார்டி தம்பதி 24 அடி, பிறகு 29 அடிப் படகில் உலகம் சுற்றினார்கள். இரண்டிலும் இன்ஜினே கிடையாது, வெளிச்சத்துக்கு எண்ணெய் விளக்கு, டாய்லெட்டுக்கு வாளி. பெர்னார்ட் ம்வாடெசியே 1968 போட்டியில் ரேடியோ எடுத்துப் போக மறுத்து, எதிரே வரும் கப்பல்களுக்குக் கவண்கல் அடிப்பதுபோல் டப்பாவில் கடிதம் வைத்து அடித்தார்.

இவர்களைப் பார்த்து வியக்கலாம். ஆனால் இவர்கள் எல்லோரும் ஆண்டுக்கணக்கில் கடலில் பழகியவர்கள். வீடியோ பார்த்துவிட்டு முதல் படகு வாங்குகிறவரிடம் 'ஜிபிஎஸ் வேண்டாம்' என்று சொல்வது சரியான அறிவுரை இல்லை. பார்டி தம்பதியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று: சின்னப் படகு என்றால் எல்லாவற்றையும் கையாலேயே இழுத்துவிடலாம். தவிர, ஃப்ரிட்ஜ் இல்லாமல் மூன்று வாரம் ஓட்டுவது நமக்குப் புதுசா என்ன? கருவாடு, வத்தல், ஊறுகாய், அப்பளம், புளி என்று நம் சமையலறையில் பாதி அதற்காகவே உருவானதுதான்.

புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும், கேரளத்தின் லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 'தாரிணி' என்ற 56 அடிப் படகில் எட்டு மாதங்களில் 25,000 கடல் மைலுக்கு மேல் கடந்து, 2025 மே மாதம் கோவா திரும்பினார்கள். இரண்டே பேர். நவீன வழிகாட்டும் கருவிகளும் சாட்டிலைட் தொடர்பும் படகில் இருந்தன. அதற்காக அவர்கள் கேப் ஹார்னைச் சுற்றியதை யாரும் குறைத்துச் சொல்லவில்லை.

இந்தியக் கடலில் ஒரு கூடுதல் சிக்கல்

இங்கே சில கருவிகளில் மின்சாரத்தைவிடச் சட்டம்தான் பிரச்னை. துராயா, இரிடியம் வகை சாட்டிலைட் போன்களை மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். மலையேறுபவர்கள் பயன்படுத்தும் கார்மின் இன்ரீச் போன்ற கையடக்கக் கருவிகளுக்கும் இது பொருந்தும். அதை வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் கோவா விமான நிலையத்தில் சிக்கியிருக்கிறார்கள். ஸ்டார்லிங்க்குக்கு இந்திய உரிமம் கிடைத்ததே 2025 ஜூனில்தான். வெளிநாட்டில் வாங்கிய ஆன்டெனாவோடு கொச்சிக்குள் நுழையலாம் என்று நினைக்க வேண்டாம்.

அவசர பீக்கன் அப்படியல்ல. 406 மெகாஹெர்ட்ஸில் அது அனுப்பும் அபாயச் சமிக்ஞை, இந்தியப் பகுதியில் பெங்களூருவில் உள்ள இஸ்ரோவின் மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். வாங்கியதும் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சிக்னல் வரும், யாருடைய படகு என்று தெரியாது. பேட்டரிக்குக் காலாவதித் தேதி உண்டு, பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். பழைய படகு வாங்கும்போது ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கும் முன் அந்தத் தேதியைப் பாருங்கள்.