கைபேசி கையில் இருக்க கணக்கு எதற்கு? கடன் தவணையில் தெரியும் விடை

புதுதில்லி: காய்கறிக் கடையில் கியூ.ஆர். அட்டை, மளிகைக் கடையில் பில் போடும் இயந்திரம், சட்டைப் பையில் கால்குலேட்டருடன் கைபேசி. இத்தனையும் வந்த பிறகு கூட்டலும் வகுத்தலும் பெரியவர்களுக்கு எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால், நாட்டில் நடைபெற்ற ஆய்வுகள் தரும் விடை வேறாக உள்ளது.

"பிரதம்' தொண்டு நிறுவனத்தின் 2023-ம் ஆண்டு "ஏசர்' ஆய்வு, 26 மாநிலங்களின் 28 ஊரக மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரையிலானவர்களிடம் நடத்தப்பட்டது. மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43.3 சதவீதத்தினர் மட்டுமே. இத்தனைக்கும், ஆய்வில் பங்கேற்றவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினரின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது.

கழித்தல் கணக்காவது தெரிந்தவர்களிடம் அன்றாடக் கணக்குகள் கேட்கப்பட்டன. கையில் உள்ள தொகைக்குள் செலவைத் திட்டமிட 60 சதவீதத்துக்கும் அதிகமானோரால் முடிந்தது. தள்ளுபடி விலையைச் சரியாகக் கூறியவர்கள் சுமார் 37 சதவீதத்தினர். கடனுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டிய தொகையைக் கணக்கிட்டவர்களோ சுமார் 10 சதவீதத்தினர்தான்.

இந்த அறியாமைக்குக் கொடுக்கும் விலை அதிகம். 12 ஆயிரம் ரூபாய் கடனை "ஆண்டுக்கு 12 சதவீத நிலையான வட்டி' என்று கூறி, 12 மாதத் தவணையில் தருவதாகக் கொள்வோம். வட்டி 1,440 ரூபாய். மாதத் தவணை 1,120 ரூபாய். ஆனால், மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் வசூலிக்கப்படுகிறது. உண்மையான வட்டி விகிதம் 21 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கவே, சில்லறைக் கடன்களுக்கும் சிறுதொழில் கடன்களுக்கும் அனைத்துக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைத் தனித் தாளில் எழுதித் தருமாறு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இது 2024 அக்டோபர் 1-ம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. எனினும், தெருமுனை வட்டிக்காரர் அத்தகைய தாள் எதையும் தருவதில்லை. அங்கே கடன் வாங்குபவரின் மனக்கணக்கே அவருக்குத் துணை.

பள்ளிக் கணக்கு மட்டும் போதுமா என்பது மற்றொரு கேள்வி. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கோல்கத்தா, தில்லி சந்தைகளில் நடத்திய ஆய்வு 2025-ல் "நேச்சர்' இதழில் வெளியானது. சந்தையில் வேலை செய்யும் சிறுவர்கள் சிக்கலான விற்பனைக் கணக்குகளைக் காகிதமின்றிப் போட்டனர். அதே கணக்கைப் பாடப்புத்தக முறையில் கேட்டபோது திணறினர். பள்ளி மாணவர்களோ பாடக் கணக்கை ஓரளவு போட்டாலும், சந்தைக் கணக்கில் தடுமாறினர்.

எழுத்தறிவு என்பது வாசிக்க, எழுத மட்டுமன்றி, புரிந்துகொண்டு கணக்கிடும் திறனையும் உள்ளடக்கியது என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024-ல் வரையறுத்தது. 15 வயதைக் கடந்தவர்களுக்கான "உல்லாஸ்' திட்டத்திலும் எண்ணறிவு இடம்பெற்றுள்ளது.

எண்களைப் பெருக்கித் தரும் வேலையைக் கைபேசி செய்துவிடும். எதை எதனால் வகுக்க வேண்டும் என்பதை, கடன் பத்திரத்தில் கையெழுத்திடுபவர்தான் அறிந்திருக்க வேண்டும்.