தெருவுக்குள்ளே ஒரு 'வள்... வள்...' வழக்கு!

குட்டீஸ்... உங்களிடம் ஒரு கேள்வி! நாயைக் கண்டால், 'வா... வா...' என்று கூப்பிடுகிற ஆளா நீங்கள்? இல்லை, தெருவின் எதிர்ப்பக்கம் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆளா?

எந்த ஆளாக இருந்தாலும் சரி... இந்த வாரம் நாம் பேசப்போவது உங்களைப் பற்றித்தான்!

திருவாரூர் மாவட்டத்தில், மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது கூத்தாநல்லூர். சுற்றிலும் பச்சைப் பசேல் என்று நெல் வயல்கள். ஊருக்குள் பெரிய பெரிய வீடுகள். பல வீடுகளில் அண்ணனோ, மாமாவோ சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ வேலை பார்ப்பார்கள். அங்கே ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முனை வீட்டில் ஒரு பாட்டி. மகன் வெளிநாட்டில். அவ்வளவு பெரிய வீட்டில் பாட்டிக்குத் துணை, ஒரே ஒரு நாய்தான். காலிங் பெல், வாட்ச்மேன், பேச்சுத் துணை எல்லாமே அதுதான்.

எதிர் வீட்டில் ஒரு பெரியவர். விடியற்காலையில் தொழுகைக்காகப் பள்ளிவாசலுக்குக் கிளம்புவார். பாட்டியின் நாய் ஆசையாக ஓடி வந்து அவர் வேட்டியை நக்கிவிடும். நாயின் எச்சில் பட்டால் கழுவிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் தொழ வேண்டும் என்பது அவருடைய மார்க்க விதி. பாவம், மறுபடி வீட்டுக்குப் போய் வேட்டி மாற்றுவதற்குள் நேரமாகிவிடும்.

மூன்றாவது வீட்டில், நான்காம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி. ஒருநாள் டியூஷன் போகும்போது நாய் துரத்தியதில் கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அன்று முதல் இரண்டு தெரு சுற்றித்தான் டியூஷன் போகிறாள்!

கடைசி வீட்டு அண்ணனோ, தினமும் ராத்திரி மிச்சச் சோற்றைத் தெருமுனையில் கொட்டுவார். ஏழெட்டுத் தெருநாய்கள் கூடிவிடும். அதிகாலையில் சைக்கிளில் வரும் பால்காரரை, அந்தப் படை விரட்டோ விரட்டு என்று விரட்டும்.

ஒருநாள் வெடித்தது சண்டை.

"உங்க நாயைக் கட்டிப் போடுங்க!"

"அது ஒண்ணும் செய்யாது!"

'அது ஒண்ணும் செய்யாது...' இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள்தானே? இந்தத் தெரு கற்பனைதான். ஆனால், இந்தச் சண்டை நிஜம். அது நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது தெரியுமா?

டில்லிக்குப் போன சண்டை

2025, ஆகஸ்ட் 11. 'டில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் உள்ள தெருநாய்களை எல்லாம் பிடித்து, காப்பகங்களில் வையுங்கள். திரும்ப விடக்கூடாது' என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தைகளும் முதியவர்களும் நாய்க்கடிக்கு ஆளாவதுதான் காரணம்.

உடனே நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. 'அப்பாடா, இனி பயமில்லாமல் நடக்கலாம்' என்றது ஒரு கட்சி. 'இத்தனை நாய்களை எங்கே வைப்பது? அவையும் உயிர்கள்தானே?' என்றது இன்னொரு கட்சி.

ஆகஸ்ட் 22-ல், மூன்று நீதிபதிகள் அமர்ந்து அந்த உத்தரவைத் திருத்தினார்கள். நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் பிடித்த நாய்களையும், மூர்க்கமான நாய்களையும் மட்டும் விடக்கூடாது. கண்ட இடத்தில் தெருநாய்களுக்குச் சாப்பாடு போடக்கூடாது; அதற்கென்று தனி இடம் ஒதுக்க வேண்டும் என்றார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 7-ல் இன்னொரு உத்தரவு வந்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். மறுபடி அங்கேயே கொண்டுவந்து விடக்கூடாது என்றது நீதிமன்றம்.

நாய்க்கு ஒரு நடுகல்!

நாயோடு நமக்கு உள்ள உறவு ரொம்பப் பழையது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே, பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. சுமார் 1,400 ஆண்டுகள் பழமையானது. மாடு பிடிக்க நடந்த சண்டையில் இறந்த ஒரு வீரனுக்காக நட்ட கல் அது. அவன் பக்கத்திலேயே ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. திருடர்கள் இருவரைக் கடித்துக் காவல் காத்த அந்த நாயின் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பெயர், கோவிவன்!

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் மண்ணுக்கே உரிய நாய் இனங்களும் உண்டு. 2005-ல் இந்திய அஞ்சல் துறை, ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலையே வெளியிட்டது.

நாயைத் தொடாமல் ஒதுங்குகிற பெரியவருடைய மார்க்கத்திலும் ஒரு கதை உண்டு. தாகத்தால் தவித்த நாய் ஒன்றைப் பார்த்த ஒரு மனிதர், கிணற்றில் இறங்கி, தன் தோல் காலுறையில் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாராம். அதற்காகவே இறைவன் அவர் பாவங்களை மன்னித்தான் என்று நபிகள் நாயகம் சொன்னார். பார்த்தீர்களா... ஒதுங்கிப் போவது வேறு, வெறுப்பது வேறு!

பயப்படுகிறவர்கள் சொல்வதும் நியாயம்தான்

'நாய்க்குப் போய் இப்படிப் பயப்படுறியே' என்று யாரையாவது கேலி செய்திருக்கிறீர்களா? இனி செய்யாதீர்கள். காரணம், ரேபிஸ் எனும் வெறிநோய்.

இது ஒரு வைரஸ். வெறிபிடித்த நாயின் எச்சிலில் இருக்கும். கடித்தாலோ, பிறாண்டினாலோ, காயத்தை நக்கினாலோ நம் உடம்புக்குள் நுழையும். நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்குப் போகும். நோய் வெளியே தெரிந்துவிட்டால், பிழைப்பது மிக மிக அபூர்வம். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதில் பத்துக்கு நான்கு பேர், 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

ஆனால், நல்ல செய்தியும் உண்டு. உடனே ஊசி போட்டுக்கொண்டால் இந்த நோயைத் தடுத்துவிடலாம். 1885, ஜூலை 6-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு இந்த நோய்க்கான தடுப்பூசியைப் போட வைத்தார். வெறிநாயிடம் கடி வாங்கிய அந்தச் சிறுவன் பிழைத்துக்கொண்டான். நம் நீலகிரி மாவட்டம் குன்னூரில், பாஸ்டர் பெயரிலேயே ஒரு நிறுவனம் 1907-ல் தொடங்கப்பட்டது.

'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' என்று தாத்தா பயமுறுத்துவாரே... அது அந்தக் காலம். இப்போது கையில்தான் ஊசி. அதுவும் நான்கைந்து தவணைதான். அரசு மருத்துவமனைகளில் இலவசம்!

பிடித்தால் தீருமா?

'பேசாமல் எல்லா நாயையும் பிடித்துக்கொண்டு போய்விட்டால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். சென்னையில் பல ஆண்டுகள் அதைத்தான் செய்தார்கள். பிடித்துக் கொன்றார்கள். ஆனால், நாய்கள் குறையவில்லை. ஏன்? ஒரு தெருவில் குப்பையும், எச்சில் இலையும் கிடக்கிற வரைக்கும், அங்கே இருந்த நாய் போனால், அடுத்த தெரு நாய் வந்து உட்கார்ந்துகொள்ளும். குட்டியும் போடும்.

1959-ல் கேப்டன் வி.சுந்தரம் என்ற விமானி, சென்னையில் 'புளூ கிராஸ்' அமைப்பைத் தொடங்கினார். 'கொல்ல வேண்டாம், கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு விடுவோம்' என்ற யோசனையை 1960-களிலேயே முன்வைத்தது இந்த அமைப்பு. 1996-ல் சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது. 2001-ல் அது நாடு முழுமைக்குமான விதியானது. 2023-ல் புதிய விதிகள் வந்தன. காது நுனியில் சின்னதாக வெட்டு உள்ள தெருநாயைப் பார்த்திருக்கிறீர்களா? 'எனக்குக் கருத்தடை ஆகிவிட்டது' என்பதற்கான அடையாளம் அது!

ஓர் ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால், வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜப்பான், நாய்களைப் பதிவு செய்து தடுப்பூசி போடுவதை 1950-ல் சட்டமாக்கியது. 1957-க்குப் பிறகு அங்கே உள்ளூர் நாய்களிடம் வெறிநோயே இல்லை. நம் பக்கத்து நாடான பூட்டான், தெருநாய்கள் எல்லாவற்றுக்கும் கருத்தடை செய்து முடித்ததாக 2023-ல் அறிவித்தது.

சட்டம் யார் கட்சி?

இரண்டு கட்சியும்தான்! நாய்க்கு விஷம் வைத்தால் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அதேபோல, தன் நாயால் மற்றவருக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தும் கவனிக்காமல் விட்டால், ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

2024, மே மாதத்தில் சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள ஒரு பூங்காவில், ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு வளர்ப்பு நாய்கள் கடித்துக் குதறின. அதன்பிறகு மாநகராட்சி விதிகளைக் கடுமையாக்கியது. 2025 இறுதியில், உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அந்த நாய்களின் சொந்தக்காரரும், 'அது ஒண்ணும் செய்யாது' என்று இருந்துவிடாமல் சங்கிலியைப் பிடித்திருந்தால்... யோசித்துப் பாருங்கள்.

தெருநாய்களுக்குச் சாப்பாடு போடுவதில் தகராறு வந்தால்? அதற்கும் 2023 விதிகளில் வழி இருக்கிறது. கால்நடை மருத்துவ அதிகாரி, போலீஸ், விலங்கு நல அமைப்பு, புகார் சொன்னவர், குடியிருப்போர் சங்கம் என்று எல்லோரும் ஒரே குழுவில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் பக்கம் சாப்பாடு வைக்கக்கூடாது.

கூத்தாநல்லூரில் இருந்து கொஞ்ச தூரம் போனால் திருவாரூர். கன்றை இழந்த பசு ஒன்று ஆராய்ச்சி மணியை அடிக்க, அதற்கும் நியாயம் கொடுத்த மனுநீதிச் சோழன் கதை அந்த ஊர்க் கதைதானே? அந்த மணியைப் பசுவும் அடிக்கலாம், பாட்டியும் அடிக்கலாம், பயந்துபோன சின்னப் பெண்ணும் அடிக்கலாம். எல்லார் பேச்சையும் கேட்பதுதான் நியாயம்!

நீங்கள் என்ன செய்யலாம்?

நாய் வளர்க்கிறீர்களா?
* மூன்று மாதக் குட்டியிலேயே வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பிறகு ஆண்டுதோறும், மருத்துவர் சொல்கிறபடி.
* வெளியே போகும்போது கழுத்தில் பட்டை, கையில் சங்கிலி. எதிரே யாராவது வந்தால் நாயை ஓரமாக இழுத்துப் பிடியுங்கள்.
* அடுத்தவர் வாசலில் அசிங்கம் செய்தால், சுத்தம் செய்வது உங்கள் வேலை!

நாய் என்றால் பயமா?
* நாய் நெருங்கி வந்தால் ஓடாதீர்கள். ஓடினால் துரத்தும். மரம் போல அசையாமல் நில்லுங்கள். கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள்.
* கீழே விழுந்துவிட்டால் பந்துபோலச் சுருண்டு, கைகளால் காதையும் கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள்.
* கல்லால் அடிக்காதீர்கள். சாப்பிடுகிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய்... இவற்றின் பக்கம் போகவே போகாதீர்கள்.

கடித்துவிட்டதா?
* குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.
* உடனே அரசு மருத்துவமனை. எல்லாத் தவணை ஊசியையும் விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.
* முக்கியமாக, திட்டுவார்களோ என்று பயந்து அம்மா, அப்பாவிடம் மறைக்காதீர்கள். சின்னக் கீறல் என்றாலும் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை உங்கள் உயிரைக் காப்பாற்றும்!

சரி... நம் கற்பனைத் தெரு என்ன ஆச்சு?

பாட்டி, விடியற்காலையில் தொழுகை நேரம் முடிகிற வரை நாயைக் கட்டிப் போடச் சம்மதித்துவிட்டார். கடைசி வீட்டு அண்ணன், சாப்பாட்டைத் தெருமுனையில் கொட்டாமல், ஊர் ஓரத் திடலில் ஒரு தட்டில் வைத்து, நாய்கள் சாப்பிட்டதும் இடத்தைக் கூட்டிவிடுகிறார். தெருநாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் வேண்டும் என்று நகராட்சிக்குப் போகும் மனுவில் முதல் கையெழுத்து, எதிர் வீட்டுப் பெரியவருடையது!

அந்தச் சிறுமி? அவளுக்கு இன்னும் நாய் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஆனால், இப்போது இரண்டு தெரு சுற்றாமல், நேராகவே டியூஷன் போகிறாள்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு 'வள்... வள்...' வழக்கு இருக்கிறதா, குட்டீஸ்? முதலில் நீங்கள் எந்தக் கட்சியோ, அதற்கு எதிர்க் கட்சிக்காரரிடம் போய், 'உங்களுக்கு என்ன கஷ்டம்?' என்று கேட்டுப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்!