படுக்கை ஆறு, சீட் பெல்ட் எத்தனை?

நியூசிலாந்தில் மோட்டார்ஹோம் வாடகைக்குத் தேடினால் இணையத்தில் முதலில் கண்ணில் படுவது படுக்கைகளின் எண்ணிக்கைதான். இருவருக்கானது, நால்வருக்கானது, ஆறு பேருக்கானது என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். கணக்கு சரியாக இருக்கிறதே என்று பணத்தைக் கட்டிவிடுகிறோம். ஆனால் அந்த எண், வண்டி நிற்கும்போது எத்தனை பேர் தூங்கலாம் என்பதை மட்டும்தான் சொல்கிறது. வண்டி ஓடும்போது எத்தனை குழந்தைகளைப் பத்திரமாக, சட்டப்படி உட்காரவைக்க முடியும் என்பது வேறு கணக்கு. நாம் கேட்காவிட்டால் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நம் ஊர் படப்பிடிப்புகளில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவனைப் பார்த்தவர்களுக்கு உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை, மெத்தை எல்லாம் உண்டு. குழந்தைகளுக்கு அது வீடாகவே தோன்றும். பெரியவர்களுக்கும் அப்படியே தோன்றிவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. ஓடும் வண்டியில் பாட்டி எழுந்து பால் ஆற்றுவார், அம்மா மடியில் குழந்தையை வைத்து ஏரியைக் காட்டுவார், மூத்தவன் மெத்தையில் படுத்துக் கதைப்புத்தகம் படிப்பான். திடீரென பிரேக் அடித்தால் இவர்களைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை.

சக்கரம் உருளத் தொடங்கியதும் சட்டத்தின் பார்வையில் மோட்டார்ஹோமும் காரும் ஒன்றே. நியூசிலாந்து விதிப்படி, ஏழாவது பிறந்தநாள் வரும்வரை ஒவ்வொரு குழந்தையும் அதன் வயதுக்கும் உடலுக்கும் ஏற்ற, அங்கீகாரம் பெற்ற கார் சீட்டில் இருந்தாக வேண்டும். ஏழு வயதுக் குழந்தைக்கு, வண்டியில் அப்படி ஒரு சீட் இருந்தால் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். எட்டு வயதிலிருந்து சீட் பெல்ட். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர் யார் பெல்ட் போடாமல் இருந்தாலும் அபராதச் சீட்டு ஓட்டுநர் பெயருக்குத்தான் வரும். 148 செ.மீ. உயரம் எட்டும்வரை பூஸ்டர் சீட் நல்லது என்பது அங்குள்ள பாதுகாப்பு அறிவுரை. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அதைக் கடைப்பிடிப்பதே சரி என்பேன்.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்க வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். பயணத் திட்டம் போடும்போதே இதற்கு நேரம் ஒதுக்குங்கள். குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்டு சவுண்டுக்கு ஏறக்குறைய 290 கிலோமீட்டர், நாலு மணி நேரம் என்று மேப் காட்டும். சிறு குழந்தையோடு, அகலமான வண்டியில், மலைப்பாதையில் அந்த நேரத்தை நம்பிக் கிளம்பக் கூடாது. போன அன்றே திரும்புவதும் வேண்டாம். வழியில் தே அனாவ் ஊரில் இரவு தங்கிவிட்டு, மீதி 120 கிலோமீட்டரைக் காலையில் ஓட்டுங்கள்.

சாவி வாங்கும் முன்

வண்டியை எடுக்கும் இடத்தில் குழந்தைகளை ஓரமாக விளையாடவிட்டு, பெரியவர் ஒருவர் பின்பக்கம் ஏறி ஒவ்வொரு இருக்கையாகக் கைவைத்துப் பார்க்க வேண்டும். முதலில், இருக்கை எந்தப் பக்கம் பார்க்கிறது? முன்னோக்கியிருந்தால்தான் முன்னோக்கிய கார் சீட்டையோ பூஸ்டரையோ பொருத்தலாம். பக்கவாட்டில் நீளும் சோபாவில் பெல்ட் தொங்கினாலும் கார் சீட் வைக்கக் கூடாது. அடுத்து, பெல்ட் இடுப்பைச் சுற்றி மட்டும் வருகிறதா, தோளுக்குக் குறுக்கேயும் வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள். பூஸ்டர் சீட்டுக்குத் தோள் பெல்ட் இருந்தே தீர வேண்டும். பல மோட்டார்ஹோம்களின் பின்னிருக்கையில் இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கும். பிறகு இருக்கையின் பின்பக்கம் கைவிட்டுத் தடவுங்கள். கார் சீட்டின் உச்சியிலிருந்து ஒரு பட்டை பின்னால் போய் ஒரு கொக்கியில் மாட்டப்பட வேண்டும். அங்கே விற்கப்படும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தரச் சீட்டுகளில் முன்னோக்கியவற்றுக்கு அந்தப் பட்டை அவசியம். ஆறு பேருக்கான வண்டியிலும் அந்தக் கொக்கி ஒன்றோ இரண்டோதான் இருக்கலாம். சில சிறிய வண்டிகளில் ஒன்றுகூட இருக்காது.

இதையெல்லாம் அங்கே போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. முன்பதிவு செய்வதற்கு முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "எங்கள் குழந்தைகளின் வயது இது, எடை இது, உயரம் இது. இந்த வண்டியில் எந்த இருக்கையில் எந்த வகைச் சீட் பொருத்தலாம்?" போனில் கேட்டு வாங்கிய பதில் பின்னால் உதவாது. எழுத்தில் வந்த பதிலை வைத்துக்கொண்டு, சொன்னபடி வண்டி இல்லை என்றால் அதே இடத்தில் வேறு வண்டி கேட்கலாம், மறுத்தால் முறையிடலாம்.

இங்கிருந்தே கார் சீட் எடுத்துப்போக நினைப்பவர்கள் அதன் முத்திரையைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய தரமான ஆர்44 அல்லது ஆர்129 முத்திரை இருந்தால் நியூசிலாந்து ஏற்கும். இந்தியாவில் விற்கும் சீட்டுகள் பலவற்றில் ஆர்44 முத்திரை ஆரஞ்சு நிறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். இந்தியத் தர முத்திரை மட்டும் உள்ளது அங்கே செல்லாது. பின்னோக்கிய சிசு சீட்டை முன்னால், ஏர்பேக் இயங்கும் இருக்கையில் வைப்பது எந்த ஊரிலும் உயிருக்கு ஆபத்து.

இரண்டுமே மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் என்றால், என்னைக் கேட்டால், மோட்டார்ஹோமை விட்டுவிட்டு நல்ல கார் ஒன்றை எடுத்து 'ஹாலிடே பார்க்' கேபின்களில் தங்குவதே மேல். சமையலறை, துணி துவைக்கும் இடம், ஊஞ்சல், சறுக்கு எல்லாம் அங்கேயே இருக்கும்.

நின்ற பிறகு

வண்டி நின்றதும் ஆபத்துகள் வேறாகின்றன. ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ள படுக்கை, குழந்தைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஏறும் இடம். ஏணியிலிருந்தோ தூக்கத்திலோ விழுந்தால் அடி பலமாக இருக்கும். தடுப்பு வலை இருக்கிறதா, கொக்கிகள் உறுதியாக நிற்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் சிறுவர்களைக் கீழே படுக்கவையுங்கள். ஒரு கையகல இடத்தில் அடுப்பும் குழந்தையும் அருகருகே இருப்பதால், சமைக்கும்போது ஒருவர் குழந்தைகளை வெளியே அழைத்துப்போவதே நல்லது. குளிருக்கு அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கழிப்பறைத் தொட்டியில் ஊற்றும் ரசாயனம் குழந்தையின் கைக்கு எட்டாத பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

ரோட்டோருவா, டவுப்போ பக்கம் இயற்கையான வெந்நீர் ஓடைகளில் குளிக்கலாம். அங்கே எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருப்பார்கள்: தலையை நீருக்குள் அமிழ்த்தக் கூடாது. வெந்நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக ஏறினால் மூளைக்காய்ச்சல் வரும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். மூக்கைப் பிடித்து முங்கி விளையாடும் பிள்ளைகளுக்கு இதைத் தண்ணீரில் இறங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நம் வீட்டு வழக்கம் இரண்டு, அங்கே குற்றமாகிவிடும். குழந்தைகள் வண்டியில் தூங்குகிறார்களே, பத்து நிமிடம் அருவியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போவது ஒன்று. பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தக்க மேற்பார்வை இல்லாமல் விட்டுப்போனால் 2,000 டாலர் வரை அபராதம் விதிக்க அங்கே சட்டம் இருக்கிறது. இன்னொன்று, அடம்பிடிக்கும் குழந்தைக்கு முதுகில் ஒன்று வைப்பது. திருத்துவதற்காகப் பெற்றோர் அடிக்கலாம் என்ற சட்டப் பாதுகாப்பை நியூசிலாந்து 2007-லேயே நீக்கிவிட்டது. சுற்றுலாப் பயணி என்பதற்காக விலக்கு எதுவும் இல்லை. நல்ல சட்டம் அது.

இரவு எங்கே நிறுத்துவது என்பதிலும் கவனம் தேவை. கழிப்பறையும் கழிவுத் தொட்டியும் வண்டிக்குள்ளேயே இருப்பதற்கான சான்றிதழ் இல்லாமல் உள்ளாட்சிக்குச் சொந்தமான இடங்களில் தங்குவது பொதுவாக அனுமதியில்லை. 2023-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, நிரந்தரமாகப் பொருத்திய கழிப்பறை இருந்தால்தான் அந்தப் பச்சை நிறச் சான்று கிடைக்கும். வண்டியில் அது ஒட்டியிருக்கிறதா, தேதி செல்லுமா என்று பாருங்கள். சான்று இருந்தாலும் சில இடங்களில் தடை உண்டு. பலகையைப் படிக்காமல் நிறுத்தினால், விடியும்போது கண்ணாடியில் அபராதச் சீட்டு செருகப்பட்டிருக்கலாம். அந்தத் தொகையை வாடகை நிறுவனம் உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடமிருக்கும்.

சாப்பாட்டு மூட்டையையும் சொல்லிவிடுகிறேன். பருப்புப்பொடி, ஊறுகாய், நெய், கறிவேப்பிலை, தேன் என்று கட்டிக்கொண்டு போவோம். விமான நிலையத்தில் எல்லாவற்றையும் அறிவிப்புப் படிவத்தில் காட்டிவிடுங்கள். காட்டினால் அதிகபட்சம் பொருள் போகும். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். சேறு படிந்த செருப்பையும் பழைய கூடாரத்தையும்கூட அறிவிக்க வேண்டும்.

சாலையில்

அங்கேயும் இடப்பக்கம்தான் என்பது நமக்கு வசதி. உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் நம் ஊர் உரிமமே போதும். ஆனால் வண்டியின் மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டினால், 100 என்று பலகை இருக்கும் சாலையிலும் உங்களுக்கு 90 கிலோமீட்டர்தான் வரம்பு. பெரிய மோட்டார்ஹோம்கள் பல இந்த வகையில் வரும். தெற்குத் தீவில் ஒருவழிப் பாலங்கள் நிறைய. பலகையில் இரண்டு அம்புகள் இருக்கும், உங்கள் பக்கத்து அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் நின்று எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டால் ஓரத்தில் ஒதுங்கி அவர்களைப் போகவிடுங்கள்.

நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. அங்கே அது இலையுதிர்காலம், மாலை சீக்கிரம் இருட்டிவிடும். மே மாதத்திலிருந்து மில்ஃபோர்டு சாலையில் பனிச்சங்கிலி எடுத்துச்செல்லச் சொல்வார்கள். இரவு விமானத்தில் இறங்கிய அன்றே வண்டியை எடுக்காதீர்கள்.

2015-ல் சரியாக ஓட்டவில்லை என்று சொல்லி வெளிநாட்டு ஓட்டுநர்களிடம் உள்ளூர்க்காரர்கள் வண்டிச் சாவியைப் பறித்த சம்பவங்கள் நடந்தன. பொதுமக்கள் சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டாம் என்று காவல்துறை அப்போதே எச்சரித்தது. யாராவது அப்படி வந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு 111-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் எல்லாவற்றுக்கும் அதே எண்தான்.

அடிபட்டால், ஏமாந்தால்

நியூசிலாந்தில் 1974 முதல் ஏசிசி என்ற விபத்து இழப்பீட்டுத் திட்டம் நடப்பில் இருக்கிறது. தவறு யாருடையது என்று பார்க்காமல், அந்த நாட்டில் காயமடைந்த வெளிநாட்டுப் பயணிக்கும் அங்கே நடக்கும் சிகிச்சைச் செலவில் பங்கு தருகிறது. ஏணியிலிருந்து விழுந்த குழந்தையை மருத்துவரிடம் காட்டும்போதே "விபத்து, ஏசிசியில் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்ற நோய்களுக்கு இது பொருந்தாது. ஊர் திரும்பும் விமானச் செலவையும் தராது. இந்தத் திட்டம் இருப்பதால் காயத்துக்காக நஷ்டஈடு கேட்டு அங்கே வழக்குப் போடவும் முடியாது. எனவே பயணக் காப்பீடு கட்டாயம் வேண்டும். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, டாக்டரிடம் போகலாமா என்று தயங்கும் இரவில் 0800 611 116 என்ற ஹெல்த்லைன் எண்ணில் செவிலியரிடம் இலவசமாகப் பேசலாம்.

காப்பீட்டில் இன்னொரு ஓட்டை உண்டு. வாடகை வண்டி சேதமானால் முதலில் ஒரு பெரிய தொகையை நாம் கட்ட வேண்டும், அதை எக்செஸ் என்பார்கள். பயணக் காப்பீடு அதை ஈடுகட்டும் என்று நம்பிப் போகிறோம். ஆனால் பாலிசியில் 'கார்' என்று மட்டும் இருந்தால் மோட்டார்ஹோம் அதில் சேராமல் போகலாம். சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். வாடகை நிறுவனம் தரும் முழுப் பாதுகாப்புத் திட்டத்திலும் கூரைச் சேதம், அடிப்பாகச் சேதம், மாற்றி ஊற்றிய எரிபொருள் ஆகியவை விலக்கப்பட்டிருக்கக்கூடும். ஸ்கிப்பர்ஸ் கேன்யன் பாதை, தொண்ணூறு மைல் கடற்கரை போன்ற இடங்களுக்கு ஓட்டிச் சென்றால் காப்பீடே செல்லாது. டீசல் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கில் சாலை வரி தனியாக வருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாவி வாங்கும்போதும் திருப்பித் தரும்போதும் கூரை ஓரம், கண்ணாடி, சக்கரம், மைலேஜ் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து "ஒரு கீறல்" என்று கார்டில் பணம் பிடித்தால் அந்த வீடியோதான் உங்கள் சாட்சி. முதலில் நிறுவனத்திடம் பில்லும் படமும் கேட்டு எழுதுங்கள். பதில் சரியில்லையென்றால் உங்கள் வங்கியிடம் அந்தக் கட்டணத்தை மறுத்து உடனே விண்ணப்பியுங்கள், இதற்குக் கெடு உண்டு. ஹீட்டர் வேலை செய்யாத வண்டி, சொன்னபடி கார் சீட் பொருத்த முடியாத வண்டி ஆகியவற்றுக்கு அந்த நாட்டின் 1993 நுகர்வோர் உத்தரவாதச் சட்டமும் 1986 நேர்மையான வணிகச் சட்டமும் துணைநிற்கும். அங்குள்ள 'டிஸ்பியூட்ஸ் டிரைபியூனல்' வழக்கறிஞர் வைத்து வாதாடாத மன்றம். இணையத்தில் மனு போடலாம், தொலைபேசி வழியாக விசாரணையில் கலந்துகொள்ளவும் கேட்கலாம்.

சென்னையிலோ மதுரையிலோ உள்ள ஏஜென்சி வழியாகப் பதிவு செய்திருந்தால் வழி இன்னும் சுருக்கம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பாருங்கள். காப்பீட்டு நிறுவனம் காரணமில்லாமல் கையை விரித்தால் முதலில் அவர்களின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது.